மஸ்டர்: பெயரும் ஆளும்

காலையில் மணி அடித்து ஓய்ந்ததும் வகுப்பில் நாம் செய்யும் முதல் வேலை பாடம் நடத்துவதன்று, பெயர் படிப்பது. வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். ஒவ்வொரு பெயராக அழைக்கிறோம். "உள்ளேன் ஐயா" என்று குரல் எழுகிறது. வந்தவனுக்கு ஒரு குறி. வராதவனுக்கு வேறொரு குறி.

நாம் பணியேற்ற முதல் ஆண்டில், ஒரு சிறுவனின் பெயரை மூன்று திங்கள் அழைத்தோம். குரல் வரவில்லை. குடும்பத்தோடு செங்கற் சூளைக்குப் போய்விட்டான் என்றனர் உடன் பயின்றோர். பெயரை நீக்கினால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். ஆகவே வந்ததாகவே குறியிடுங்கள் என்றார் பொறுப்பில் இருந்தவர். குறியிட்டோம். சூளையிலே செங்கல் சுமந்த பிள்ளை, ஏட்டிலே எழுத்துப் பயின்றான்! அந்தப் பொய்யை எழுதிய கை நம் கை.

அன்று முதல் ஒரு சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, பெயர் அழைத்து, எண்ணிக்கை சரிபார்க்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் 'மஸ்டர்' என்று பெயர். கூலியாட்களின் பெயரெழுதும் ஏட்டை 'மஸ்டர் ரோல்' என்று நம் ஊர் மேஸ்திரியும் சொல்வார். இச்சொல்லைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் என்ன?

அகராதியைப் புரட்டினால், திரட்டு, கூட்டு, அணிவகு, வருகை பார் என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. பிழையில்லை, ஆனால் போதாது. இச்சொல்லின் வேர் 'மான்ஸ்த்ராரே' என்னும் இலத்தீன் வினை. அதன் பொருள் காட்டுதல். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்திற்குள் வந்தது. எனவே மஸ்டர் என்பது கூட்டிக் காட்டுவது. காட்டுவது என்றவுடன் இரு கேள்விகள் எழ வேண்டாமா? யாரைக் காட்டுவது? யாருக்குக் காட்டுவது?

கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையில் துணி கொள்முதல் செய்த காலத்தில், மாதிரித் துணிக்கு மஸ்டர் என்றே பெயர். நெசவாளி கொணர்ந்த துணியை அம்மாதிரியோடு ஒப்பிடுவர். தரம் தாழ்ந்தால் விலையைத் தாழ்த்துவர். படைவீரனையும் அவ்வாறே நிறுத்திப் பார்த்தனர். தேறினால் 'பாஸ் மஸ்டர்' ஆனான் என்றனர். அத்தொடர் இன்றும் வழங்குகிறது. மயில்களின் கூட்டத்தையும் ஆங்கிலேயர் மஸ்டர் என்பர். தோகை விரித்துக் காட்டும் பறவைக்கு அப்பெயர் பொருந்தாமலா போகும்! மயில் தானே காட்டுகிறது. மனிதனோ பிறரால் காட்டப்படுகிறான்.

பட்டியல் பொய் சொல்லும் வழிகள் இரண்டு. ஒன்று, ஆள் இன்றிப் பெயர். மற்றொன்று, பெயர் இன்றி ஆள்.

முதற் பொய்யை அம்பலத்தில் ஏற்றியவர் ஷேக்ஸ்பியர். 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பகுதி, மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. படைக்கு ஆள் பிடிக்க ஃபால்ஸ்டாஃப் நாட்டுப்புறம் வருகிறான். நடுவர் ஷாலோ ஐவரை அழைத்து நிறுத்துகிறார். மக்கிப்போனவன், நிழல், மரு, நோஞ்சான், காளைக்கன்று என்று பொருள்படும் பெயர்கள் அவர்களுக்கு. மக்கிப்போனவனும் காளைக்கன்றும் கையூட்டுக் கொடுத்துத் தப்புகின்றனர். கொடுக்க இயலாத மூவர் போர்முனைக்குப் போகின்றனர். நிழல் என்பவனைக் கண்டதும், பட்டியலை நிரப்பும் நிழல்கள் நம்மிடம் ஏராளம் என்று ஃபால்ஸ்டாஃப் கேலி பேசுகிறான். அது வெறும் கேலியன்று. இறந்தவன் பெயரையும் ஓடிப்போனவன் பெயரையும் ஏட்டில் நிறுத்தி, அவர்கள் ஊதியத்தைப் படைத்தலைவர்கள் விழுங்கியது அக்கால இங்கிலாந்தின் நடைமுறை.

கல்லூரியில் இக்காட்சியை நகைச்சுவை என்று படித்துச் சிரித்தோம். இன்று படித்தால் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. தன் வீட்டுக் கிழவிக்கு வேலை செய்ய வேறு ஆளில்லை என்று மன்றாடுகிறானே ஒருவன், அவனா நகைச்சுவைப் பாத்திரம்? ஐவரிலும் அஞ்சாமல் நிற்பவன் யார் தெரியுமா? நோஞ்சான் என்று பெயர் பெற்ற தையற்காரன்! சாவு ஒருமுறைதானே என்று அவன் புறப்படுகிறான். பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தொலைவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலுமா? அக்காட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

இரண்டாம் பொய் முதலாவதினும் கொடியது. அதைக் காண ஆஸ்திரேலியா செல்ல வேண்டும். 1788-இல் பிரிட்டன் நியூ சௌத் வேல்ஸில் கைதிகளைக் குடியேற்றியது. குடியேற்றத்தில் உள்ளோரைக் கூட்டி எண்ணுவதற்கு அங்கே மஸ்டர் என்று பெயர். 1806-இல் சாமுவேல் மார்ஸ்டன் என்னும் பாதிரியார் பெண்களுக்கென ஒரு பட்டியல் வகுத்தார். மணமானோர் 395 பேர். 'வைப்பாட்டிகள்' 1,035 பேர்! இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணமே அவர் கணக்கில் திருமணம். கத்தோலிக்கப் பெண் கணவனோடு முறையாக வாழ்ந்தாலும், அவர் பேனா அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஒரு மனிதரின் குறுகிய நம்பிக்கை, ஆயிரம் பெண்களின் தலையெழுத்தாக ஏட்டில் ஏறியது.

அதே நாட்டில் மஸ்டர் என்றால் மற்றொரு பொருளும் உண்டு. பரந்த மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடக்கும் மாடுகளைக் குதிரைமீதேறி வளைத்து ஓரிடத்தில் சேர்ப்பது. இக்காலத்தில் அதற்கு ஹெலிகாப்டரும் பறக்கிறது. வடக்குப் பகுதியில் அவ்வேலையின் பெரும்பாரத்தைத் தாங்கியவர்கள் அம்மண்ணின் பழங்குடியினர். மாவும் தேயிலையும் புகையிலையும் இறைச்சியும் கொடுத்து, கூலி என்று சொல்லத் தகாத சிறு தொகையும் கொடுத்து, அவர்களிடம் வேலை வாங்கினர். மாடுகளை எண்ண உதவிய அம்மனிதர்கள் எண்ணப்பட்டார்களா? இல்லை! நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கலாகாது என்று ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவு கூறியது. மாட்டுக்கு எண் உண்டு; மாடு மேய்த்தவனுக்கு இல்லை!

1966 ஆகஸ்ட் 23-இல், வேவ் ஹில் என்னும் பெரும்பண்ணையில், வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி இனத்தார் ஏறத்தாழ இருநூறு பேர் வேலையை விட்டு வெளியேறினர். கூலிக்காக மட்டுமன்று, தம் நிலத்திற்காகவும் அவர்கள் நடந்தனர். மறு ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் 127-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 1975-இல் தலைமை அமைச்சர் விட்லம் அந்நிலத்தின் மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் இட்டார்.

வேற்று நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கும். தொழிலாளர் ஓரிடத்தில் கூடுவர். அதற்குப் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் நாக்கு அப்படித் திருப்பிற்று. அங்கேதான் வேலை பிரிப்பர், பெயர் பதிவர். ஒரு நாள் கூலியையே அவர்கள் 'பேர்' என்றனர். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. மாட்டை உருப்படி என்று எண்ணும் தமிழ், மனிதரைப் பத்துப் பேர், நூறு பேர் என்று பெயரால் எண்ணுகிறது. ஆளென்றால் பெயருண்டு என்பது நம் மொழியின் முடிவு. அந்தப் பேரைப் பாதியாக அறுத்தது தோட்டத்து ஏடு!

நாள் தவறாமல் தோட்டத்து ஏட்டில் இருந்த அப்பெயர்கள் நாட்டின் ஏட்டில் இருந்தனவா? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! எண்ணிக்கை இருந்தது, கேட்டறிந்த விருப்பம் இருந்ததா? எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003-இல்தான் சட்டம் வந்தது. தேயிலை பறிக்கும் கை வேண்டும். வாக்களிக்கும் கை வேண்டா என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன?

இதுவரை கண்ட மஸ்டர்களில் எல்லாம் எளியவர் காட்டப்பட்டனர், வலியவர் பார்த்தனர். இம்முறையைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சியும் உண்டு. 1994 டிசம்பரில், இராஜஸ்தானில், கோட் கிரானா என்னும் சிற்றூரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் உழைப்பாளர் அமைப்பு ஊர்மக்களைக் கூட்டியது. அரசுப் பணிகளின் கணக்குகளை மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தது. அவ்வமைப்பு நடத்திய இத்தகைய கூட்டங்களில் மஸ்டர் ரோலின் குட்டு வெளிப்பட்டது. செத்தவன் வேலை செய்ததாகவும், ஊரை விட்டுப் போனவன் கூலி பெற்றதாகவும் எழுதப்பட்டிருந்தது. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஃபால்ஸ்டாஃபின் நிழல்கள் இராஜஸ்தானத்து வெயிலில் வந்து நின்றன! "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று எழுந்த அக்குரல் வளர்ந்து, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறக்கத் துணை செய்தது.

அங்கேதான் இச்சொல் தன் வேர்ப்பொருளை நேர்மையாக அடைந்தது என்போம். காட்டுதல்தானே பொருள்? மக்களை ஏட்டுக்காரனுக்குக் காட்டியது போதும். ஏட்டை மக்களுக்குக் காட்டுக! ஆர்ப்பாட்டத்தைக் குறிக்கும் 'டெமான்ஸ்ட்ரேஷன்' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. பிறர் நிறுத்திக் காட்டினால் மஸ்டர். தாமே எழுந்து நின்று காட்டினால் ஆர்ப்பாட்டம். துணிவைத் திரட்டிக்கொள்வதையும் ஆங்கிலத்தில் மஸ்டர் என்றே சொல்கின்றனர். வேவ் ஹில்லில் மாடு திரட்டியவர்கள் ஒருநாள் துணிவைத் திரட்டினர்.

நம்மிடமும் ஓர் ஏடு இருக்கிறது. வராத பிள்ளைக்கு வராதவன் என்றே இப்போது குறியிடுகிறோம். மாலையில் அவன் வீட்டைத் தேடிப் போகிறோம். பெற்றோர் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை உரக்கப் படித்தால் என்ன? எம் பிள்ளை எங்கே என்று ஊர் கேட்கட்டும். நம் குறி பொய்யானால் ஊர் நம்மையும் கேட்கட்டும். அன்று சூளைக்குப் போன சிறுவனின் பெயரை அவ்வாறு ஒருமுறை படித்திருந்தால், அவன் மறுபடியும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வழி பிறந்திருக்கும்.