சோறு போட்ட பெட்டி

எங்கள் கீரனூரில் கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர் இருந்தார். கல்யாணம், காது குத்து, பழனிக்குக் காவடி புறப்பாடு என்று எங்கே பாண்டு வாத்தியம் முழங்கினாலும் முன் வரிசையில் அவர் நிற்பார். திருவிழா நாட்களில் பாட்டுக் கச்சேரிக் குழுவோடும் வாசிப்பார். அவர் ஒரு நாள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒலிப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். 'ரோஜா' படம் வந்திருந்த சமயம் அது. எனக்குப் பதினோரு வயது இருக்கலாம். மின்மினி பாடிய பாட்டு முடிகிறவரை தலையை அசைத்துக் கேட்டவர், முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா இதை வாசிச்ச ஆளுங்க எல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

கேள்வியின் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் புரிந்தது. கச்சேரிக் குழுவினர் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார்கள். கிளாரினெட், வயலின், புல்லாங்குழல் மூன்றும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன. அவரைக் கூப்பிட ஆள் வருவது நின்று போயிற்று.

யந்திர சங்கீதத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த மனிதரின் நினைவு வந்துவிடுகிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, மின்சாரம் பட்ட சங்கீதமெல்லாம் தீட்டு. மற்றக் கட்சிக்கு, புதிய சத்தம் எதுவானாலும் அது மேதைமை. இரண்டு கட்சிக்காரர்களும் பாட்டைக் கேட்பதில்லை என்பது என் அபிப்பிராயம். ஏ. ஆர். ரஹ்மானின் ஆரம்ப காலத்தை, அதாவது 'ரோஜா'வுக்கு முன்னால் கழிந்த பதினைந்து வருஷங்களை, நிதானமாகப் பார்த்தால் இருவருக்கும் பதில் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

1967 ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் திலீப் குமார். தகப்பனார் ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். பிறருடைய மெட்டுக்களுக்கு வாத்தியங்களை ஒழுங்கு செய்து கொடுத்தவர். 1976-ல் அவர் காலமானபோது பிள்ளைக்கு வயது ஒன்பது. வீட்டில் மிஞ்சியவை வாத்தியப் பெட்டிகள். விற்றுவிட்டு வட்டியில் காலம் தள்ளலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தாயார் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். பெட்டி ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலைமை. கொஞ்ச காலத்தில் பையனும் வாசிக்கக் கிளம்பினான். பதினோரு வயதில், நான் டீக்கடையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற அதே வயதில், இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தான். பிறகு பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். விமர்சனம் செய்கிறவன் இங்கேதான் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் அவருடைய சங்கீதத்தின் குணம் இங்கே உருவாகிறது. கூலிக்கு வாசிப்பவன் தனக்குப் பிடித்ததை வாசிக்க முடியாது. இன்னொருவர் மனத்தில் இருக்கும் ஒலியை, அவர் சொல்லத் தெரியாமல் சொல்லுவதிலிருந்து ஊகித்து, சில நிமிஷங்களில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்வரம் அதிகமாக வைத்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள். ஆயிரம் மணி நேரம் இப்படிக் கழித்தவனுக்கு ஒலியின் விலை தெரிந்துவிடுகிறது.

அந்தக் காலத்து யந்திரங்களும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தன. ஓர் ஒலி அலையைக் கொண்டு இன்னோர் அலையை ஆட்டி வைத்தால் புதுப் புது நாதங்கள் பிறக்கும் என்பதை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்தார். ஜப்பானின் யமஹா கம்பெனி அந்த உரிமையைப் பெற்று வாத்தியங்கள் செய்தது. அவற்றுள் ஒன்று 1984-ல் வந்த ஸீ. எக்ஸ். 5 எம் என்ற சிறிய கம்ப்யூட்டர். ஒரே சமயத்தில் எட்டுக் குரல்கள்தான் அதில் ஒலிக்கும். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கையாண்டது இந்தக் கம்ப்யூட்டரை. திலீப், கோடம்பாக்கத்தில் இத்தகைய பெட்டிகளோடு பழகிய சில இளைஞர்களில் ஒருவர்.

மேல்நாட்டில் இதே காலத்தில் வேறு சில இளைஞர்கள் விளையாட்டுக் கம்ப்யூட்டர்களில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1982-ல் வந்த கமோடோர் 64-க்கு மூன்றே குரல்கள். 1989-ல் வந்த கேம் பாய்க்கு நான்கு. மூன்று குரலில் ஒரு முழு வாத்திய கோஷ்டியின் பிரமையை உண்டாக்க வேண்டும். 'சிப்டியூன்' என்று இப்போது பெயர் பெற்றுவிட்ட அந்தச் சங்கீதத்தின் அழகு முழுவதும் இந்த வறுமையில் பிறந்தது. சிறிய வீட்டில் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று தெரியும், இல்லையா?

எண்பதுகளின் பின் பகுதியில் அவர் விளம்பரங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினார். லியோ காபிக்கு அவர் அமைத்த மெட்டை அந்நாளில் தொலைக்காட்சி பார்த்த பலர் இன்னும் மறக்கவில்லை. விளம்பர மெட்டு என்றால் நம் ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் முப்பது விநாடிக்குள் ஆரம்பம், வளர்ச்சி, முடிவு எல்லாம் வந்தாக வேண்டும். சிறுகதை எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

1992 ஆகஸ்டு 15-ஆம் தேதி 'ரோஜா' வெளிவந்தது. அதற்கு அவர் பெற்ற சம்பளம் 25,000 ரூபாய். அந்த முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. மின்மினியின் பாட்டை இப்போது திரும்பக் கேட்டுப் பாருங்கள். நூறு வயலின்கள் இல்லை. ஒரு சின்னத் தாளக் கட்டு. கீழே உருண்டு வரும் ஒரு கனத்த நாதம். அவ்வப்போது எட்டிப் பார்க்கும் ஒரு சிறு சொற்றொடர். தூரத்தில் வயற்காட்டை நினைவூட்டும் கூட்டுக் குரல். இவற்றின் நடுவே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் அந்தப் பெண்ணின் குரல் தாராளமாக நடமாடுகிறது. அதற்கு முன் நம் சினிமாப் பாட்டில் இடைவெளியை நிரப்புவதுதான் திறமை என்று இருந்தது. காலியாக விடுவதற்கும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை யந்திரம் கொடுக்கவில்லை. எட்டுக் குரலுக்குள்ளும் முப்பது விநாடிக்குள்ளும் வாழப் பழகிய கைகள் கொடுத்தன.

குறையும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் வசதிகள் பெருகியபோது சில பாட்டுக்களில் தாளம் வார்த்தையை விழுங்கிவிட்டது. 'காதலன்' (1994) படப் பாட்டுக்களில் சிலவற்றைக் கேட்டுவிட்டு வரிகளைச் சொல்லச் சொன்னால் பலர் விழிப்பார்கள். அவரைப் பார்த்துப் பெட்டி வாங்கியவர்களைப் பற்றி என்ன சொல்வது? அவர்கள் வாங்கியது பெட்டியை மட்டுந்தான். கூடவே வந்திருக்க வேண்டிய அந்தப் பதினைந்து வருஷங்கள் எந்தக் கடையிலும் விற்கவில்லை. விளைவை எங்கள் ஊர்த் திருவிழாக்களில் வருஷா வருஷம் கேட்டு வருகிறேன்.

இப்போது கிளாரினெட்காரருக்கு என்ன பதில் சொல்வது? 'வாசிச்ச ஆள் இருந்தாருங்க மாமா. ஒன்பது வயதில் தகப்பனை இழந்து, பெட்டியை நம்பிப் பிழைத்த ஒரு பையன்' என்று சொல்லலாம். அது உண்மை. ஒரு வீட்டில் சோறு போட்ட பெட்டி இன்னொரு வீட்டில் சோற்றைப் பறித்தது என்பதும் உண்மை. நல்ல பாட்டு பிறந்துவிட்டது என்பதற்காக அந்த நஷ்டத்தை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நஷ்டம் நேர்ந்தது என்பதற்காக நல்ல பாட்டை மட்டம் என்று சொல்லவும் வரவில்லை. அவரே சொல்லவில்லையே! 'பாட்டு நல்லாத்தான் இருக்கு' என்றுதானே ஆரம்பித்தார்? எனக்குத் தெரிந்த விமர்சகர்களில் அவர் நேர்மையானவர்.

அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் வீட்டிலும் வாத்தியத்தை விற்கவில்லை. துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறார்கள். போன பொங்கலுக்குப் போனபோது அவருடைய பேரன் எடுத்துக் காட்டினான். ஊதத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான்.