அடுத்த புத்தகத்திலும் அவள் வருவாளா?

படத்தை நம்பி வாசித்த குழந்தை எழுத்தை நம்பி வாசிக்கத் தொடங்கும் பருவம் ஏழு, எட்டு வயது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அந்த வயதுக்காரர்களின் கைக்குப் போகிறவை பெரும்பாலும் தொடர் நூல்கள். மெல்லிய புத்தகம், சின்னச் சின்ன அத்தியாயங்கள், அங்கங்கே ஒரு கோட்டோவியம். முதல் புத்தகத்தில் பழகிய சிறுமி இரண்டாவதிலும் அதே தெருவில், அதே தம்பியோடு, அதே பிடிவாதத்தோடு இருப்பாள். புது ஆட்களைத் தெரிந்துகொள்ளும் பாடு இல்லாததால் குழந்தை வேகம் பிடிக்கிறது. வாசிப்பு பழக்கமாக மாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே ஒரு சமூகம் குழந்தை இலக்கியத்தில் எந்த அளவுக்கு இடம்பெற்றிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், விருது பெற்ற படநூல்களைவிட இந்தத் தொடர்களையே முதலில் புரட்ட வேண்டும் என்பேன்.

புரட்டினால் கிடைப்பது பெரிய வெற்றிடம். 1980இல் தொடங்கிய ‘கேம் ஜான்சன்’, 1992இல் வந்த ‘ஜூனி பி. ஜோன்ஸ்’, அதே ஆண்டின் ‘மேஜிக் ட்ரீ ஹவுஸ்’, 2000இல் வந்த ‘ஜூடி மூடி’ என்று தலைமுறைகளை வாசிக்க வைத்த தொடர்களின் நாயக நாயகியர் எல்லோரும் வெள்ளைக் குழந்தைகள். அந்த நாட்டின் பள்ளிக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஹிஸ்பானிக் குடும்பத்திலிருந்து வருகிறவர். மெக்சிகோ, போர்த்தோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்க நாடுகள் என ஸ்பானிய மொழி புழங்கும் நிலங்களில் வேர் கொண்டவர்களையெல்லாம் சேர்த்துக் குறிக்கும் பெயர் அது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் ஆண்டுதோறும் தன்னிடம் வந்துசேரும் புதிய நூல்களை எண்ணிப் பார்க்கிறது. 2013இல் வந்த சுமார் 3,200 நூல்களில் லத்தீனோ என்றும் அழைக்கப்படும் இந்த மக்களைப் பற்றியவை 57. 2018ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தப் பங்கு 5 சதவீதம். அதே கணக்கில் விலங்குகளும் மற்றப் பொருள்களும் பாத்திரங்களாக வரும் நூல்கள் 27 சதவீதம். கரடிக்கும் ரயில் வண்டிக்கும் கிடைத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

எழுதுகிறவர்கள் இல்லாமல் போகவில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் 1921இல் பணியில் சேர்ந்த போர்த்தோ ரிக்கோக்காரரான ப்யூரா பெல்ப்ரே, தன் ஊர்க் கதைகள் அலமாரியில் இல்லாததைக் கண்டு தாமே சொல்லவும் எழுதவும் தொடங்கினார். அவருடைய முதல் நூல் 1932இல் வந்தது. அவர் பெயரில் 1996 முதல் விருது வழங்கப்படுகிறது. 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘சில்ட்ரன்ஸ் புக் பிரஸ்’, 1979இல் ‘ஆர்தே பூப்ளிகோ’ என்று சிறு பதிப்பகங்கள் எழுந்தன. ஆனால் தொடர் என்பது பண முதல் கேட்கும் வேலை. நான்கைந்து நூல்களுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட வேண்டும், பழைய பாகங்களைக் கையிருப்பு தீராமல் அச்சிட வேண்டும், பள்ளிப் புத்தகச் சந்தைகளில் இடம் பிடிக்க வேண்டும். அந்தச் சக்தி பெரிய பதிப்பகங்களுக்கே இருந்தது. அவற்றுக்கோ இந்தக் குழந்தைகள் தொடர்ந்து புத்தகம் வாங்கும் வாசகர்கள் என்ற நம்பிக்கை வரவில்லை. நிக்கோலசா மோரின் ‘ஃபெலீத்தா’ 1979இல் வந்தது. நியூயார்க்கில் வாழும் போர்த்தோ ரிக்கோச் சிறுமியின் கதை; அருமையான புத்தகம். அதன் தொடர்ச்சி வெளிவந்தது 1986இல். எட்டு வயதில் முதல் பாகத்தை வாசித்தவள் அடுத்ததைப் பார்க்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும்.

பெரிய நிறுவனம் முன்வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ‘அமெரிக்கன் கேர்ள்’ நல்ல சான்று. பொம்மையும் கதைநூலும் சேர்த்து விற்கும் நிறுவனம் அது. 1997இல் ஹொசெஃபீனா மொந்தோயா வந்தாள். 1824ஆம் ஆண்டின் நியூ மெக்சிகோ, அன்று மெக்சிகோவின் பகுதியாக இருந்த நிலம். தாயை இழந்த சிறுமி, பண்ணை வீடு, உதவிக்கு வரும் சித்தி. வேலரி டிரிப் எழுதிய அந்த ஆறு நூல்களுக்கும் ஆலோசனைக் குழு இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால் அவள் வாழ்ந்தது 170 ஆண்டுகளுக்கு முன்னால். இன்று பக்கத்து வீட்டில் குடியிருக்கும் லத்தீனோச் சிறுமி கதைக்குள் வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது வந்தவள் சிகாகோவின் மரிசோல் லூனா. எழுதியவர் கேரி சோட்டோ, மெக்சிக்க அமெரிக்கர், மதிக்கப்படும் கவிஞர். நடனத்தில் உயிரையே வைத்திருக்கும் சிறுமி அவள். பில்சென் என்ற மெக்சிக்கக் குடியிருப்பிலிருந்து அவள் குடும்பம் புறநகருக்குக் குடிபெயர்கிறது. காரணமாக அம்மா சொல்வது, அந்தப் பகுதி குழந்தைகளுக்கு ஆபத்தானது என்பது. பில்சென் மக்கள் கொதித்துப் போனார்கள். சுவரோவியங்களும் ரொட்டிக் கடைகளும் நிறைந்த தங்கள் தெரு, தங்கள் பிள்ளைகளுக்காக வந்த முதல் புத்தகத்திலேயே விட்டுப்போக வேண்டிய இடமாக ஆகிவிட்டதே என்ற கோபம். அதில் முழு நியாயம் உண்டு. நிறைய கதைகள் இருக்கும் இடத்தில் அம்மாவின் அந்தச் சொல் பத்தோடு பதினொன்றாகக் கரைந்திருக்கும். ஒற்றைக் கதையே இருக்கும்போது, ஒரு பாத்திரம் போகிறபோக்கில் சொல்லும் வாக்கியம் ஒரு சமூகத்தின் மேலான தீர்ப்பாகிவிடுகிறது.

2003இல் தொடங்கிய ‘ஸ்கிப்பிஜான் ஜோன்ஸ்’ படநூல் தொடர் அதைவிட வருத்தம் தருவது. சியாமீஸ் பூனைக்குட்டி ஒன்று தன்னைச் சிவாவா நாயாகக் கற்பனை செய்துகொண்டு, ஆங்கிலச் சொற்களுக்கு ஸ்பானிய வால் ஒட்டிப் பேசும். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் உரக்க வாசித்துச் சிரிக்க வைத்த தொடர் அது, விற்பனையும் அமோகம். அம்மாவும் பாட்டியும் வீட்டில் பேசும் மொழி கேலிக் குரலில் ஒலிக்க, சுற்றிலும் எல்லோரும் சிரிக்கும்போது, அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும்? இந்தக் கேள்வியைச் சில விமர்சகர்கள் விடாமல் கேட்டார்கள், நல்லவேளையாக.

மாற்றம் 2010க்குப் பிறகு மெல்லத் தெரிகிறது. ஜாக்குலின் ஜூல்ஸின் ‘சப்பாத்தோ பவர்’ தொடரில் ஃப்ரெடி ராமோஸ் என்ற சிறுவன் வருகிறான். வீட்டு வாசலில் ஒரு பெட்டி, அதற்குள் ஊதா நிறக் காலணி. மாட்டிக்கொண்டு ஓடினால் ரயிலுக்கு ஈடான வேகம், பின்னால் புகை. ஃப்ரெடியின் அப்பா போர்வீரராக இருந்து இறந்தவர். அம்மாவும் மகனும் வசிப்பது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். இவையெல்லாம் கதையில் இருக்கின்றன, ஆனால் கதை இவற்றைப் பற்றியதன்று. மின்னல் வேகத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு என்ன உதவி செய்யலாம் என்பதைப் பற்றியது. ஜூல்ஸ் ஹிஸ்பானிக் அல்லர். பள்ளி ஆசிரியராகவும் நூலகராகவும் இருந்தவர். சோட்டோவின் நூலையும் இதையும் அருகருகே வைத்தால், எழுதுகிறவரின் பிறப்பு மட்டும் எதையும் தீர்மானித்துவிடாது என்று தெரிகிறது. குடியிருப்பைச் சிக்கலாகப் பார்க்கிறோமா வீடாகப் பார்க்கிறோமா என்பதில்தான் வேறுபாடு.

ஆனாலும் உள்ளிருந்து எழுதுகிறவர்களுக்குக் கைவரும் நுணுக்கம் தனி. மோனிகா பிரவுனின் ‘லோலா லெவீன்’ (2015) பெரு நாட்டு அம்மாவுக்கும் யூத அப்பாவுக்கும் பிறந்தவள். கால்பந்தாட்டத்தில் வேகமாகப் பாய்ந்து வகுப்புத் தோழனுக்கு அடிபட வைத்துவிடுகிறாள். ‘கெட்டவள்’ என்று பெயர் வாங்குகிறாள். முரட்டுத்தனமும் தவறும் செய்யும் உரிமை ஜூனி பி. ஜோன்ஸுக்கு எப்போதுமே இருந்தது. லோலாவுக்கும் அது கிடைத்ததை ஒரு முன்னேற்றமாகவே எண்ணுகிறேன். சிறுபான்மைக் குழந்தை நல்ல பிள்ளையாகவே வர வேண்டும் என்ற கட்டாயம், கேலிச்சித்திரத்துக்கு இணையான சிறை.

ஆஞ்செலா தொமிங்கெஸ் 2018இல் தொடங்கிய ஸ்டெல்லா தியாஸ் நூல்கள் இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. மெக்சிகோ நகரில் பிறந்து சிகாகோவில் வளரும் ஸ்டெல்லாவுக்கு ஆங்கிலமும் தடுமாறும், ஸ்பானியமும் தடுமாறும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய் திறக்கத் தயக்கம். அவளை மீட்பது கடல்வாழ் உயிரினங்கள் மேல் அவளுக்குள்ள பித்து. அடுத்தடுத்த பாகங்களில் கடலைக் காக்க அவளே ஆள் சேர்க்கிறாள். முதல் புத்தகத்தில் பேசப் பயந்தவள் மூன்றாவதில் கூட்டத்தை நடத்துகிறாள் என்றால், அந்த வளர்ச்சியைக் காட்டத் தொடருக்கு மட்டுமே இடமுண்டு. ஹுவானா மெதீனாவின் ‘ஹுவானாவும் லூக்கஸும்’ வேறொரு வாசலைத் திறந்தது. அதன் சிறுமி கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் வாழ்கிறாள். அவளுக்கு வேப்பங்காயாய்க் கசப்பது ஆங்கிலப் பாடம். 2017இல் பெல்ப்ரே விருது பெற்ற நூல்.

சற்று மூத்த வாசகர்களுக்கான நிலை இதைவிடத் தேவலை. மெக் மெதீனாவின் ‘மெர்சி சுவாரெஸ்’ 2019இல் நியூபெரி பதக்கம் பெற்று, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு நூல்களாக விரிந்தது. ஏழு வயதுக்காரர்களின் அலமாரிக்குத்தான் இன்னும் நிறைய வர வேண்டியிருக்கிறது. குறிப்பாக குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கறுப்பு லத்தீனோப் பிள்ளைகள். இவர்களுக்கு எல்லை தாண்டிய பயணத்தைச் சொல்லும் கனத்த ஒற்றை நூல்கள் எழுதப்படுகின்றன, அவையும் தேவை. பதிப்பாளர்கள் அவற்றுக்குக் காட்டும் ஊக்கத்தை, பல் விழுந்ததற்கும் நாய்க்குட்டி தொலைந்ததற்கும் அழுது சிரிக்கும் ஒரு சால்வடோர்ச் சிறுமியின் ஆறு பாகக் கதைக்கும் காட்ட வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே ஆறுக்கும் சேர்த்துப் போட வேண்டும்.