நீதியை முந்தும் மன்னிப்பு

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நடந்த குற்றத்துக்குத் தண்டனை கேட்பவரைப் பழிவாங்குபவராகக் காட்டி வாயடைப்பது எளிது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்டு, டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தின், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய, திருத்திய ஆறாம் நூல் அதற்கு இடம் தருகிறதா? கம்பம் பள்ளத்தாக்கின் இராயப்பன்பட்டியிலிருந்து மதுரை உயர்மறைமாவட்டத்துக்குப் போகும் புகாருக்கும் இந்நூலே அளவுகோல். அதனால் கேள்வி நமக்கும் உரியது.

நூலின் கொள்கை திடமானது. நீதியை நிலைநாட்டல், குற்றவாளியைத் திருத்தல், இடறலைச் சீர்செய்தல் என்று தண்டனைக்கு மூன்று நோக்கங்களை வகுக்கிறது. இவற்றில் பழிதீர்ப்புக்கு இடமில்லை. கண்டும் காணாமல் விடுவதற்கும் இடமில்லை. மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் குற்றவாளி அல்லர் என்பதையும் வெளிப்படையாக எழுதியுள்ளது. சிறார் மீதான பாலியல் குற்றத்தைக் குருக்களின் ஒழுக்க மீறல் வரிசையிலிருந்து எடுத்து, மனித மாண்புக்கு எதிரான குற்றங்களோடு வைத்தது இதன் தலையாய சாதனை.

நடைமுறையில்தான் கட்டுக்கோப்பு தளர்கிறது. முதற்கட்ட விசாரணையைத் தொடங்குபவர் ஆயர். குற்றம் சாட்டப்பட்ட குருவின் மேலாளரும் அவரே. பாதிக்கப்பட்டவர் குற்ற வழக்கில் சாட்சியாகவே நிற்கிறார். இழப்பீடு கோரினால்தான் வழக்காடுபவர் ஆகிறார். தீங்குக்கு ஈடு செய்யாதவருக்குத் தண்டனை நீக்கம் கூடாது என்ற விதி நல்லது. ஈடு செய்தாயிற்றா என்பதை மேலாளரின் மதிப்பீட்டுக்கே விட்டது அதன் பலவீனம்.

இந்தப் பலவீனத்தின் எடையை உதகை மறைமாவட்டத்தின் பழைய முடிவொன்று காட்டுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுமியிடம் செய்த பாலியல் குற்றத்தை 2015இல் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற, தன் குருவான ஜோசப் ஜெயபாலின் பணித்தடையை, வத்திக்கானைக் கலந்து, 2016இல் அம்மறைமாவட்டம் நீக்கியது. தண்டனை முடித்தவருக்கு வாழ வழி வேண்டும் என்ற வாதம் நியாயமானது. குருப்பணியைத் திருப்பித் தருவதற்கு அந்த வாதம் போதாது. ஒருவரை மன்னிப்பதும் அவரிடம் மீண்டும் மக்களை ஒப்படைப்பதும் வெவ்வேறு செயல்கள். இரண்டையும் ஒன்றாக்கியதே அம்முடிவின் பிழை.

ஆகவே என் தீர்ப்பு: ஆறாம் நூல் கொள்கையில் தேறுகிறது, நடைமுறையில் பாதிவழியில் நிற்கிறது. சிறார் வழக்குகளில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது எவருக்கும் கட்டாயம், ஆயருக்கும் விலக்கில்லை. அதோடு, ஆயரின் அதிகாரத்துக்கு உட்படாத விசாரணையும், பாதிக்கப்பட்டவருக்கு வழக்கில் முழு உரிமையும் சேரும்போதே இச்சட்டம் தன் நோக்கத்துக்குத் தகுதி பெறும். அதுவரை நீதி கேட்பவர்மீது பழியுணர்ச்சியைச் சுமத்தும் தகுதி திருச்சபைக்கு இல்லை.