வாதாடும் குரல்: 'அசாதாரண சட்டத்தரணி வூ' பற்றிய ஒரு நோக்கு

ஓட்டிசம் உடைய பெண்ணொருத்தியைச் சட்டத்தரணியாகக் கொண்ட தென்கொரியத் தொலைக்காட்சி நாடகமான 'அசாதாரண சட்டத்தரணி வூ', 2022ஆம் ஆண்டு யூன் இறுதியிலிருந்து ஓகஸ்ட் வரை 16 அங்கங்களாக ஒளிபரப்பாயிற்று. ஈ.என்.ஏ. என்னும் சிறிய அலைவரிசையில் 0.9 வீதப் பார்வையாளருடன் தொடங்கி, இறுதி அங்கத்தில் 17.5 வீதத்தை எட்டிய இந்நாடகத்தில் பலரையும் கவர்ந்தவை நாயகி வூ யொங்-வூவின் நினைவாற்றலும் திமிங்கிலங்கள் மீதான ஈடுபாடுமேயாம். நாடகத்தின் பெறுமதி வேறிடத்தில் உளதென்பதே எமது கருத்து.

இதனை எழுதிய மூன் ஜி-வொன், 2019இல் வெளியான 'சாட்சி' என்னும் திரைப்படத்தையும் எழுதியவர். அதில் வரும் ஓட்டிசம் உடைய சிறுமி, சட்டத்தரணியாகும் ஆசை தனக்கு இயலாததெனக் கைவிட்டு, கொலை வழக்கொன்றிலே சாட்சியாகிறாள். சாட்சி தான் கண்டதைச் சொல்பவர். சட்டத்தரணியோ பிறர் நிலையில் நின்று பிறருக்காகப் பேசுபவர். பிறர் மனத்தை அறியமாட்டாதோர் என நெடுங்காலம் கருதப்பட்டோருள் ஒருத்தியை அவ்விடத்தில் நிறுத்தியமையே நாடகத்தின் துணிவு. பார்க் உன்-பின்னின் நடிப்பு அதற்கு ஈடுகொடுக்கின்றது.

மூன்றாம் அங்கத்தில் இத்துணிவு கடுஞ்சோதனைக்குள்ளாகின்றது. மருத்துவ மாணவனான தமையனைத் தாக்கி மரணம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞனும் ஓட்டிசம் உடையவன். அவனது குறைபாட்டைக் காட்டித் தண்டனையைக் குறைக்க எதிரித் தரப்பு முயல, வழக்குத்தொடுநர் அதனையே ஆயுதமாக்குகின்றார்: அதே நிலையுடைய ஒருத்தி மன்றில் நின்று வாதாடுகையில், எதிரியை மட்டும் பொறுப்புக் குறைந்தவனெனக் கொள்வது எங்ஙனம்? கொடிய வினா, ஆயினும் வெறும் சூழ்ச்சியன்று. சட்டம் இரங்க வேண்டுமெனின் குறைபாடு நிறுவப்படல் வேண்டும். அவள் தொழில்புரிய வேண்டுமெனின் அது மறுக்கப்படல் வேண்டும். அவனைக் காப்பதற்காக அவள் விலக நேர்கின்றது. இவ்வங்கம் ஹான்ஸ் அஸ்பேர்கரையும் நினைவுகூர்கின்றது. 1944இல் ஓட்டிசம் பற்றி எழுதிய இவ்வியன்னா மருத்துவர், ஆற்றலுடைய பிள்ளைகளைப் போற்றியவர். ஏனையோருட் சிலரை, நாசிகள் ஊனமுற்ற பிள்ளைகளைக் கொன்ற நிலையத்துக்கு அனுப்பியவரும் அவரே என்பதை 2018இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

எழுப்பிய வினாவை நாடகம் விடாது தொடரவில்லை. பின்வரும் அங்கங்கள் பலவற்றில் திமிங்கிலம் துள்ளியெழுகின்றது, சட்டநுணுக்கம் புலனாகின்றது, வழக்குத் திசைமாறுகின்றது. இவ்வுத்தி விரைவிலேயே சலிப்பூட்டுகின்றது. எனினும் ஒன்றைக் கூறாது விடுதல் தகாது: சியோல் தேசிய பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் முதன்மை பெற்ற அவளுக்கே, தந்தையின் பழைய அறிமுகத்தின் வழியாகத்தான் வேலை கிடைத்ததென நாடகம் பின்னர் வெளிப்படுத்துகின்றது. மேதைமைகூட வாயிலைத் திறக்கவில்லை.

பத்தாம் அங்கத்திலே பழைய வினா வேறுருவில் மீள்கின்றது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய ஒரு பெண்ணின் காதலன்மீது பாலியல் குற்றஞ் சாட்டப்படுகின்றது. அவளோ தான் காதலித்ததாகக் கூறுகின்றாள். அவன் நல்லவனல்லன் என்பதில் ஐயமில்லை. தீயவனைக் காதலிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டென்பது வூவின் நிலைப்பாடு. மன்று அவனைத் தண்டிக்கின்றது. அவளைப் பாதுகாத்த அத்தீர்ப்பில் அவளது சொல்லுக்கு இடமிருக்கவில்லை.