தரங்கம்பாடியின் புதிய எருசலேம்
தரங்கம்பாடி ராஜ வீதிக்குள் நுழைந்ததும் எல்லாரும் டேனிஷ் கோட்டைக்கே விரைகிறார்கள். எனக்குக் கால் நிற்பது புதிய எருசலேம் ஆலயத்தின் முன்னால்தான். முகப்பின் நெற்றியில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் பெயர்ச்சின்னம், அதன்மேல் கிரீடம். டேனியர்களுக்கு அதே தெருவில் சீயோன் ஆலயம் 1701இலேயே இருந்தது. புதிய எருசலேமோ உள்ளூர்ச் சபைக்காக எழுந்தது. அதனாலேயே எனக்கு இந்த ஆலயம் அந்த அரச முத்திரையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1706இல் இங்கே கரையிறங்கிய கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார், 1718இல் சிலுவை வடிவில் இதைக் கட்டி முடித்தார். மறு ஆண்டே, 36 வயதில் காலமானார். பலிபீடத்துக்கு முன்னே அவர் கல்லறை. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் இங்கேயும் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.