எல்ஸ் எதற்கு?

லின்ட் விதிகளில் எதைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவீர்கள் என்று கேட்டால், ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லின்ட்டின் நோ-எல்ஸ்-ரிட்டர்னைத்தான் சொல்வேன். பைதான் பக்கம் பைலின்ட்டில் ஆர்1705, ரஃப்பில் ரெட்505 என்று இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. இருந்தாலும் என் மனசு ஈஎஸ்லின்ட் பக்கம்தான்.

இஃப் பகுதி ரிட்டர்னில் முடிந்த பிறகும் வீணாக நிற்கும் எல்ஸை அது பிடிப்பதை எல்லோரும் மெச்சுவார்கள். நான் ரசிப்பது, அது திருத்தாமல் விடுகிற இடங்களை. எல்ஸ் அடைப்புக்குள் லெட் போட்டு 'தொகை' என்று ஒரு மாறி, வெளியேயும் அதே பெயர் என்றால், அடைப்பை நீக்கியதும் இரண்டும் மோதும். அங்கே தானியங்கித் திருத்தம் கேட்டாலும் குறையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடைப்பில்லாத இஃப் வரி அரைப்புள்ளி இல்லாமல் முடிந்து, எல்ஸ் பகுதி '(' அல்லது '[' கொண்டு தொடங்கினாலும் அப்படியே. தன் திருத்தம் பொருளை மாற்றிவிடுமோ என்று அஞ்சுகிற விதி எனக்குப் பிடிக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி ஒன்றின் பில் போடும் ஃபங்ஷனைப் பார்த்தேன். பாக்கெட் எண்ணிக்கை சுழியமா, பழைய பாக்கி உண்டா, வெளியூர் பார்சலா என்று மூன்றே கேள்விகள். எல்ஸுக்குள் இஃப், அதன் எல்ஸுக்குள் இன்னொரு இஃப் என்று எழுதியதில், எண்ணிக்கையை விலையால் பெருக்கும் அசல் வரி திரையின் வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. விதியை ஓட்டினால் ஒரு சுற்றுக்கு ஒரு அடுக்குதான் கழலும். ஈஎஸ்லின்ட் பத்துச் சுற்றுவரை தானே திரும்ப ஓடும் என்பதால் மூன்றும் உதிர்ந்தன. நிரலை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர் வரிகளை இழுத்துவிட்டதும், விலக்குகள் மேலே ஒவ்வொன்றாக விடைபெற, பெருக்கல் வரி கடைசியில் தனியாக நின்றது. நன்னூல் சொல்லும் மிகைபடக் கூறல் எனும் குற்றம் நீங்கிய ஃபங்ஷன் அது.

ஃபங்ஷனிலிருந்து ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பவர்கள் உண்டு. சி மொழிக்கான விதித்தொகுப்பான மிஸ்ரா சி 2012-இன் 15.5-ஆம் விதி அவர்கள் பக்கம். வாகன மென்பொருளுக்கான ஐஎஸ்ஓ 26262-உம் அப்படித்தான். எடுத்த நினைவகத்தைக் கையாலேயே விடுவிக்க வேண்டிய சி மொழியில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் கவலையைக் குப்பை சேகரிப்பானும் ஃபைனலியும் பார்த்துக்கொள்கின்றன. சமமான இரண்டு வழிகள் சமமாகவே தெரிய வேண்டாமா என்பது இன்னொரு கட்சி. மதிக்கிறேன், ஆனால் நான் படித்த நிரல்களில் அப்படிச் சமமான இரட்டை அரிது. ஒன்று விலக்கு, மற்றது வேலை.

எல்ஸ்-இஃப் தொடரை ஈஎஸ்லின்ட் இயல்பாகவே அனுமதிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏர்பிஎன்பி பாணி அதையும் மறுக்கிறது; அதுவே சரி.

இப்போதெல்லாம் சேமித்தவுடன் திருத்தம் தானாக நடந்துவிடுகிறது. எது உதிர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. விதி திருத்தாமல் விட்ட இடத்தில் நின்று மாறியின் பெயரை மாற்றவும் பொறுமை இல்லை, விதியை அணைக்கும் குறிப்பை மேலே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். காரணம் எழுதாமல் அணைத்த வரி மறுபார்வைக்கு வந்தால் நான் ஒப்புதல் கொடுப்பதில்லை.