இல்லை வேறு, இன்னும் இல்லை வேறு: கெமர் மொழியும் ஒரு மூன்று வரி அட்டவணையும்

கெமர் மொழி கற்க உட்காரும் யாரும் முதல் வாரத்துக்குள் ஒரு அட்டவணையைச் சந்தித்துவிடுவார்கள். மூன்றே வரிகள். இறந்தகாலம் வேண்டுமா, வினைக்கு முன்னால் 'பான்' போடு. நடந்துகொண்டிருக்கிறதா, 'கம்புங்' போடு. எதிர்காலமா, 'நிங்' போடு. கீழே ஒரு குறிப்பும் இருக்கும்: கெமர் வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறவே மாறாது, ஆகவே பயப்பட வேண்டாம், இலக்கணம் ரொம்ப சுலபம்.

இந்த அட்டவணை மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுபவன். ஆனால் இந்த அட்டவணையை நம்பி ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

(கெமர் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது உச்சரிப்பு தோராயமாகத்தான் வரும். கீழே அடிக்கடி வரப்போகும் 'ஹாய்', நாம் கையாட்டிச் சொல்லும் ஹாய் இல்லை.)

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் கம்போடியாவில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சித் திட்டத்துக்குச் சின்னதாக ஒரு செயலி செய்தோம். ஆசிரியர்கள் வாராவாரம் ஒரு அறிக்கை அனுப்பணும். அனுப்பாதவர்களின் பெயருக்கு எதிரே, ஆங்கிலத்தில் 'நாட் சப்மிட்டட்' என்று நான் ஒரு வாசகம் வைத்திருந்தேன். வாசகங்களை எல்லாம் ஒரு எக்ஸெல் தாளில் போட்டு, எந்தத் திரையில் எப்போது வரும் என்ற விளக்கம் எதுவும் இல்லாமல் மொழிபெயர்ப்புக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததில் 'மின் பான்' என்று தொடங்கியது. 'மின்' என்றால் இல்லை. 'பான்' அட்டவணைப்படி இறந்தகாலம். சரியாகத்தானே இருக்கு என்று நானும் ஏற்றிவிட்டேன்.

இரண்டாவது வாரம் ப்னோம் பென்னிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். கெடு வெள்ளிக்கிழமை. ஆனால் திங்கட்கிழமையே செயலியைத் திறந்த ஆசிரியர்கள் சிலர், தங்கள் பெயருக்கு எதிரே 'அனுப்பத் தவறிவிட்டார்' என்கிற மாதிரி ஒரு வாசகத்தைப் பார்த்திருக்கிறார்கள். கணக்கு ஏற்கெனவே மூடியாச்சு, இனி அனுப்பி என்ன பயன் என்று இரண்டு பேர் விட்டேவிட்டார்கள். அவர் சொன்னது ஒரே ஒரு திருத்தம்: 'மின் பான்' வேண்டாம், 'மின் தோன்' போடுங்கள்.

மொழிபெயர்த்தவர் மேல் தப்பே இல்லை. என் ஆங்கில வாசகத்திலேயே இரண்டு அர்த்தம் ஒளிந்திருந்தது. 'அனுப்பவில்லை' என்பது ஒன்று, 'இன்னும் அனுப்பவில்லை' என்பது இன்னொன்று. ஆங்கிலம் அந்த 'இன்னும்' இல்லாமலே சமாளித்துவிடும். தமிழும் பேச்சில் சமாளிக்கும். 'அவர் வரல' என்றால் வராமலே போனாரா, வரப்போகிறாரா என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்வோம். கெமரில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தயாராக இருக்கிறது, அதைப் பயன்படுத்தியாக வேண்டும். 'மின் பான்' என்றால் நடக்கவில்லை, கதை முடிந்தது. 'மின் தோன்' என்றால் நடக்கவில்லை, ஆனால் கதவு திறந்திருக்கிறது. அந்த மூன்று வரி அட்டவணையில் இந்த 'மின் தோன்' எங்கே? எங்கேயும் இல்லை. என் முதல் புகார் இதுதான்.

இது ஏதோ அபூர்வமான சொல் என்று நினைத்துவிடாதீர்கள். கம்போடியாவில் காலை முதல் இரவு வரை காதில் விழும் ஒரு கேள்வி: 'ஞாம் பாய் ஹாய் ரூ நௌ?' சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பிரித்தால் இப்படி வரும்: சாப்பிடு, சோறு, ஆச்சு, அல்லது, இன்னும். கேள்வி 'ஆமாவா இல்லையா' என்று கேட்கவில்லை. 'ஆச்சா, இல்ல இன்னும் அப்படியே இருக்கா' என்று கேட்கிறது. இரண்டு நிலைகளை முன்னால் வைத்து, நீ எதில் இருக்கிறாய் என்கிறது. சாப்பிட்டவர் 'ஹாய்' என்பார். சாப்பிடாதவர் 'நௌ தே' என்றோ 'மின் தோன் தே' என்றோ சொல்வார்.

இந்த 'நௌ' என்ன சொல் தெரியுமா? 'இரு, தங்கு, வசி' என்ற வினைதான் அது. ப்னோம் பென்னில் வசிக்கிறேன் என்று சொல்லவும் இதே 'நௌ'தான். அதாவது முடியாத காரியம் என்பது ஒரு வெற்றிடம் இல்லை, நாம் இப்போது குடியிருக்கும் ஒரு இடம். இந்தக் கேள்வி முறை கெமருக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. தாய் மொழியில் 'யாங்', வியட்நாமியத்தில் 'ச்சுஅ' என்று அந்தப் பகுதி முழுக்க இதே வேலைக்கு ஆள் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு மலாயின் 'பெலும்' நினைவுக்கு வரும்.

இரண்டாவது புகார். பல பாடங்களில் நான்காவதாக ஒரு வரி சேர்த்திருப்பார்கள்: 'ஹாய் என்றால் முடிந்துவிட்டது.' பாதி உண்மை. மழை பெய்ய ஆரம்பித்ததும் கெமர்க்காரர் 'ப்லியங் ஹாய்' என்பார். மழை முடியவில்லை, இப்போதுதான் பிடித்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்புகிறவர் வாசலில் நின்று 'தௌ ஹாய்' என்பார். 'தௌ' என்றால் போ. அவர் இன்னும் போகவில்லை! டுக்டுக்கில் போகும்போது எப்ப வரும் என்று கேட்டால் ஓட்டுநர் 'சித் டால் ஹாய்' என்பார். 'சித்' கிட்டத்தில், 'டால்' போய்ச்சேர். கிட்டத்தட்ட வந்தாச்சு என்கிறார். முடியாத ஒரு செயலுக்கு முடிந்ததன் சொல்லைப் போட்டுச் சொல்கிறார். அட்டவணைப்படி இந்த வாக்கியமே இருக்கக் கூடாது.

எனக்குப் புரிந்தவரை 'ஹாய்' சொல்வது செயல் முடிந்ததை இல்லை, நிலை மாறியதை. மழையில்லாத நிலை போய் மழை நிலை வந்தாச்சு. இருக்கிற நிலை போய்க் கிளம்புகிற நிலை வந்தாச்சு. 'தொலைவு' என்ற நிலை போய் 'கிட்டத்தில்' என்ற நிலை வந்தாச்சு. நம் 'ஆச்சு'வை நினைத்துக்கொண்டால் பாதி தூரம் வந்துவிடலாம். 'மழை வந்தாச்சு' என்று நாமும் மழை நிற்பதற்கு முன்னால்தானே சொல்கிறோம்.

மூன்றாவது புகார்தான் பெரிசு. அட்டவணை ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று கொடுக்கிறது. கெமரில் சொல் எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி இலக்கணம்.

'பான்' என்பதன் அடிப்படைப் பொருள் 'கிடை, பெறு'. 'மின் பான் தௌ' என்றால் போகவில்லை. அதே மூன்று சொற்களை இடம் மாற்றி 'தௌ மின் பான்' என்றால் போக முடியாது. வினைக்கு முன்னால் வந்தால் நடந்ததா என்ற விஷயம், பின்னால் வந்தால் முடியுமா என்ற விஷயம். 'பான் என்றால் இறந்தகாலம்' என்று மனப்பாடம் செய்த மாணவர் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுத் திணறுவார். தென்கிழக்கு ஆசியாவின் பல மொழிகளில் 'கிடை' என்ற பொருளுள்ள சொல் இப்படி முன்னும் பின்னும் நின்று வேறுவேறு வேலை செய்வதைப் பற்றி என்.ஜே. என்ஃபீல்ட் 2003இல் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

'தோன்' இன்னும் அழகு. அதன் அடிப்படைப் பொருள் 'நேரத்துக்குள் எட்டு, பிடித்துவிடு'. 'மின் தோன் தௌ' என்றால் இன்னும் போகவில்லை. 'தௌ மின் தோன்' என்றால் போனாலும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. முதலாவது, நேரம் இருக்கிறது என்கிறது. இரண்டாவது, நேரம் போய்விட்டது என்கிறது. சொற்கள் அதே மூன்று. பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு டிக்கெட் காசு.

அடுத்தது, முயற்சியும் பலனும். கெமரில் 'ரோக்' என்றால் தேடு. 'கேஞ்' என்றால் பார், கண்ணில் படு. தேடிக் கிடைக்கவில்லை என்பதற்கு 'ரோக் மின் கேஞ்'. 'இல்லை' என்ற சொல் நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். அது தேடலை மறுக்கவில்லை, பலனை மட்டும் மறுக்கிறது. தூக்கம் வரவில்லை என்பதற்கும் இப்படித்தான்: 'டேக் மின் லுவக்'. படுத்தது நிஜம், தூங்கியது இல்லை.

இப்போது 'மின் தோன்' என்பதை இந்த நடுவிடத்தில் வையுங்கள்: 'ரோக் மின் தோன் கேஞ்'. தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. 'மின் தோன் ரோக்' என்று முன்னால் வைத்தால் இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை. முடியாமை எந்த இடத்தில் இருக்கிறது, தொடக்கத்திலா பலனிலா என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. வினைச்சொல் மாறாத 'சுலபமான' மொழி இது!

இது வெறும் இலக்கண ரசனை இல்லை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூச் ஆட்சியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் சிதறின. பிரிந்துபோன அண்ணனை, குழந்தையைத் தேடுவது பல பத்தாண்டுகள் நீண்டது. அந்தக் குடும்பங்களில் ஒருவர் 'ரோக் மின் கேஞ்' என்று சொல்வதும், 'ரோக் மின் தோன் கேஞ்' என்று சொல்வதும் ஒன்றாகுமா? நடுவில் இருப்பது ஒரே அசை. அந்த அசையை விழுங்கிவிடுகிற மொழிபெயர்ப்பு ஒருத்தருடைய நம்பிக்கையை விழுங்கிவிடுகிறது.

'நிங்' பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்காலம் என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் 'நாளைக்கு' என்ற சொல் வாக்கியத்தில் இருந்தால் 'நிங்' இல்லாமலே வண்டி ஓடும். மறுபக்கம், நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் 'நிங்' வரும். 'வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்' என்பதில் 'முன் நிங்' என்ற தொடர் வருகிறது. கிளம்பியது நேற்றுதான். ஆனால் சொல்லப்படும் அந்தக் கணத்தில் கிளம்புதல் நிகழவில்லை, அதனால் 'நிங்'. ஆக, அது காலண்டரைப் பார்க்கவில்லை. 'இது இன்னும் நிஜமாகவில்லை' என்று மட்டும் சொல்கிறது. (கெமரின் 'முன்'னுக்கும் நம் 'முன்'னுக்கும் ஒரே பொருள் என்று பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். கெமர் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். இரண்டு மொழிகளில் ஒரு குட்டிச் சொல் ஒத்துப்போவது தற்செயலாகவே நடக்கும்.)

அட்டவணை போடுகிறவர்களுக்கும் நியாயம் பேசணும். முதல் நாள் மாணவருக்கு ஏதாவது ஒரு கைப்பிடி வேண்டும். 'கம்புங்' விஷயத்தில் அட்டவணை பெரும்பாலும் சரி. 'நிங்' போட்டு எதிர்காலம் சொன்னால் யாரும் சிரிக்கப் போவதில்லை. என் பிரச்சினை, அந்த அட்டவணை கேட்கும் கேள்வியோடுதான். 'எப்போது?' என்று கேட்டு மூன்று பெட்டி போடுகிறது. கெமர் கேட்பதோ வேறு கேள்விகள். நிலை மாறியதா? மாறும் என்று எதிர்பார்ப்பு உண்டா? முயற்சி தொடங்கியதா? பலன் கிடைத்ததா? இந்த நான்கையும் 'எப்போது' என்ற ஒரே பெட்டிக்குள் திணித்துவிட்டு, மிச்சம் எதுவும் இல்லாததால் 'சுலபமான மொழி' என்று பட்டம் கொடுப்பது அநியாயம். பழைய பயிற்சிப் புத்தகங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஃபிராங்க்ளின் ஹஃப்மன் 1970இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாகக் கொண்டுவந்த பேச்சுக் கெமர் பாடநூல், உரையாடலையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் பயிற்சிகளையும் கொண்டு நகர்வது. அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, 'ஹாய் ரூ நௌ' என்று ஐம்பது தடவை கேட்டுப் பதில் சொல்வது அதிகம் கற்றுத்தரும்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜாவாஸ்கிரிப்டில் 'பிராமிஸ்' எழுதும்போது மூன்று நிலை வைக்கிறோம்: நிலுவை, நிறைவேறியது, தோற்றது. நிலுவையில் இருப்பதைத் தோற்றதாகக் காட்டினால் அது பக் என்று உடனே டிக்கெட் போடுவோம். அதே தப்பை நான் மனிதர்கள் படிக்கும் வாசகத்தில் செய்தேன், எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. கையில் வைத்திருந்த அட்டவணையும் காட்டிக்கொடுக்கவில்லை.

திருத்தம் இரண்டு மணி நேர வேலைதான். ஒரு வாசகத்தை இரண்டாகப் பிரித்தோம். கெடுவுக்கு முன் 'மின் தோன்', கெடு தாண்டினால் 'மின் பான்'. மற்ற வாசகங்களையும் ஒருங்கிணைப்பாளரே ஒரு தடவை பார்த்துத் தருவதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்து, முடிந்ததா என்று கேட்டேன். பதில் கெமரிலேயே வந்தது: 'சித் ருவச் ஹாய்'. கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. அட்டவணையைத் தேடாமலே புரிந்தது. தாள் மறுநாள் வந்தது. இருபத்து மூன்று வாசகங்களில் ஐந்தில் அவர் 'தோன்' சேர்த்திருந்தார்.